ரேடியோஹெட் யாரிடமிருந்து எதை எடுத்தது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘கிரீப்’ ஒரு பழைய பாட்டின் காப்பி என்கிறார்கள், ‘இடியோடெக்’ ஏதோ கம்ப்யூட்டர் இசையிலிருந்து உருவியது என்கிறார்கள், ‘கிட் ஏ’ ஆல்பம் எலெக்ட்ரானிக் இசைக்கலைஞர் ஏஃபெக்ஸ் ட்வினைப் பார்த்துச் செய்தது என்கிறார்கள், இதில் எது உண்மை, ரேடியோஹெட்டை உண்மையிலேயே பாதித்தவர்கள் யார்? பெயர்ப் பட்டியல் கேட்பதுபோலத் தோன்றினாலும், நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு சங்கதிகள். முதலாவது பாட்டின் உரிமை பற்றியது. இரண்டாவது சாம்பிள், அதாவது இன்னொருவரின் ஒலிப்பதிவில் ஒரு துண்டை வெட்டிப் பயன்படுத்துவது. மூன்றாவது தாக்கம். மூன்றையும் ஒரே கணக்கில் எழுதினால் எதற்குமே சரியான பதில் வராது.

ஆதாரத்திலும் தரம் உண்டு. ஆல்பத்தின் உள்தாளிலும் உரிமைப் பதிவிலும் அச்சான பெயர் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. குழுவில் ஒருவர் பேட்டியில் வாய்விட்டுச் சொன்னது அதற்கு அடுத்தது. கேட்டவர் காதுக்கு ஒன்றுபோல் பட்டது என்பது கடைசி. அது சரியாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். கீழே எழுதுவதில் எது எந்தத் தரம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன். இத்தனையையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது ஒன்றுதான்: இந்தக் குழு பிறரிடமிருந்து மெட்டை எடுத்தது மிகக் குறைவு. செய்முறையை எடுத்ததுதான் அதிகம்.

ஆரம்பக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் உள்ள ஆபிங்டன் பள்ளியில் படித்த ஐந்து பேர்: பாடகர் தாம் யார்க், கிட்டார் வாசிக்கும் எட் ஓபிரையன், டிரம்ஸ் வாசிக்கும் ஃபிலிப் செல்வே, பேஸ் கிட்டார் வாசிக்கும் காலின் கிரீன்வுட், அவருடைய தம்பி ஜானி கிரீன்வுட். 1985இல் தொடங்கியபோது பெயர் ‘ஆன் எ ஃபிரைடே’; வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சி என்பதால் அந்தப் பெயர். 1991 கடைசியில் ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது, பெயரை மாற்றச் சொன்னது. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 1986ஆம் ஆண்டு ஆல்பமான ‘ட்ரூ ஸ்டோரீஸி’ல் ‘ரேடியோ ஹெட்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. பெயர் அங்கிருந்து வந்தது. அதிகம் பேசப்படாத துணுக்கு ஜானியுடையது. குழுவில் முன்பு கீபோர்டு வாசித்தவரின் சத்தத்தில் மற்றவர்கள் வாசிப்பது யாருக்கும் கேட்காதாம். அதனால் கடைசியாகச் சேர்ந்த ஜானி, தன்னையும் வெளியே அனுப்பிவிடக் கூடாதென்று, பல மாதம் கீபோர்டின் ஒலியை அணைத்துவைத்துக்கொண்டு வாசிப்பதுபோல் பாவனை செய்தார். நீ என்ன வாசிக்கிறாய் என்று சரியாகக் கேட்கவில்லை, ஆனால் ஏதோ நல்ல சாயல் சேர்கிறது என்று யார்க் பாராட்டவும் செய்தாராம். வீட்டுக்குப் போய் உண்மையிலேயே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) வாசிக்கக் கற்றுக்கொண்டு, மெல்ல மெல்ல ஒலியைக் கூட்டினார். இதை ஜானியே ரேடியோ பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இனி ‘கிரீப்’. 1992இல் வந்த இந்தப் பாட்டின் உரிமைப் பதிவில் ஆல்பர்ட் ஹாமண்ட், மைக் ஹேசில்வுட் என்ற இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இவர்கள் ‘தி ஏர் தட் ஐ ப்ரீத்’ பாட்டை எழுதியவர்கள். 1974இல் ஹாலீஸ் குழு பாடி அது பெரிய ஹிட் ஆனது. ஆக இது முதல் தர ஆதாரம், சந்தேகமே இல்லை. ஆனால் எடுத்தது எது என்று துல்லியமாகப் பார்க்க வேண்டும். ‘கிரீப்’ முழுக்க நான்கே கார்டு: ஜி, பி, சி, சி மைனர் (நடுச்சுரம் அரைச்சுரம் தாழ்ந்த கார்டு மைனர், தாழாதது மேஜர்). ஜி சுருதியில் இயல்பாக வர வேண்டியது பி மைனர். இங்கே பி மேஜர் வருகிறது. கிட்டாரிலோ கீபோர்டிலோ அந்த நான்கையும் மெதுவாக வாசித்து, நடுவில் நகரும் ஒரு சுரத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்: டி, டி ஷார்ப், ஈ, பிறகு ஈ ஃப்ளாட்டுக்கு இறங்கி மறுபடி டி. அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி, உச்சியில் நிற்க முடியாமல் இறங்குகிறது. பாட்டின் ஏக்கம் முழுவதும் அந்த ஒரு சுரத்தின் நடையில் இருக்கிறது. ஹாலீஸ் பாட்டிலும் இதே அடுக்கு. ஒரு கார்டு வரிசையை மட்டும் வைத்து யாரும் உரிமை கோர முடியாது என்பார்கள். இங்கே பின்பகுதியில் மெட்டும் நெருங்கிவருகிறது, அதுதான் சிக்கல். ரேடியோஹெட் நேர்மையாக ஒப்புக்கொண்டதால் முழுப் பங்கும் கேட்காமல் சிறு பங்கோடு முடித்துக்கொண்டதாக ஹாமண்ட் சொல்லியிருக்கிறார்.

இதன் தொடர்ச்சியாக 2018 தொடக்கத்தில் பாடகி லானா டெல் ரே, தன் ‘கெட் ஃப்ரீ’ பாட்டு ‘கிரீப்’ போல இருப்பதாக ரேடியோஹெட் வழக்குப் போட்டிருக்கிறது என்று எழுதினார். பாட்டு உரிமையை நிர்வகிக்கும் பதிப்பகம் வழக்கு எதுவும் போடவில்லை என்று மறுத்தது. ‘கிரீப்’பை எழுதியவர்களுக்கு உரிய பெயர் தரவேண்டும் என்று பேச்சு நடந்துவருவதை மட்டும் ஒப்புக்கொண்டது. இன்றும் பலர் இதை வழக்கு என்றே எழுதுகிறார்கள்; அது தவறு. ‘கிரீப்’ பற்றி இன்னொரு குழப்பமும் உண்டு. ஒத்திகையில் இதை வாசித்துவிட்டு, இது எங்கள் ஸ்காட் வாக்கர் (வேறொரு பாடகர்) பாட்டு என்று யார்க் சொல்லியிருக்கிறார். தயாரிப்பாளர்கள் பால் கோல்டரியும் ஷான் ஸ்லேடும் இது நிஜமாகவே ஸ்காட் வாக்கர் பாட்டு என்று நினைத்துவிட்டார்கள். யார்க் சொல்லவந்தது பாணியை; அவர்கள் புரிந்துகொண்டது பாட்டையே. கோரஸுக்கு முன்னால் கிட்டார் ‘கர்ரக்’ என்று இரண்டு தடவை உறுமுகிறதே, அது ஜானியுடையது. பாட்டு ரொம்பச் சாதுவாக இருக்கிறது, பிடிக்கவில்லை என்று ஓங்கி அடித்தார். அதுவே பாட்டின் அடையாளம் ஆகிவிட்டது.

அடுத்து 1995ஆம் ஆண்டு ‘தி பெண்ட்ஸ்’ ஆல்பத்தின் ‘ஜஸ்ட்’. ராக் கேட்பவர்கள் மேகசின் என்ற போஸ்ட்-பங்க் குழுவின் சாயலை இங்கே உடனே பிடித்துவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஜானியின் கிட்டார் ஏறும் விதம். அரைச்சுரம், முழுச்சுரம், அரைச்சுரம், முழுச்சுரம் என்று மாறி மாறி அடுக்கிய எட்டுச் சுர வரிசை அது. நான்கு ஸ்தாயி தாண்டிப் போகிறது. சி-யில் தொடங்கினால் சி, சி ஷார்ப், டி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, ஏ ஷார்ப். பன்னிரண்டு சுரங்களில் எதில் தொடங்கினாலும் மொத்தம் மூன்றே மூன்று தொகுதிதான் கிடைக்கும், நான்காவது கிடையாது. அதனால்தான் அது ஏறிக்கொண்டே இருந்தாலும் எங்கும் போய்ச் சேராததுபோல் கேட்கிறது. இந்த வரிசையைத் தன் ‘இரண்டாம் மோடு’ என்று வகுத்து எழுதியவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். ஜானி பதினைந்து வயதில் மெசியானின் ‘துராங்கலீலா’ சிம்ஃபனியைக் கேட்டு மயங்கினார் என்பது அவர் வாயாலேயே சொன்னது. ‘ஜஸ்ட்’டில் வருவது அங்கிருந்து நேரே வந்ததா என்பது மட்டும் மூன்றாம் தர ஆதாரம். அந்த வரிசை ரஷ்ய இசையிலும் உண்டு, ஜாஸிலும் உண்டு.

‘துராங்கலீலா’ வழியாக நிச்சயமாக வந்தது ஒரு வாத்தியம்: ஓன்ட் மார்டெனோ. மோரிஸ் மார்டெனோ என்ற பிரெஞ்சுக்காரர் 1928இல் மேடையேற்றிய மின்னணு வாத்தியம் இது. அவர் செல்லோ வாசிப்பவர். முதல் உலகப் போரில் ரேடியோக் கருவி இயக்குபவராக வேலை பார்த்தவர். வால்வுகள் சுருதி மாறிக் கூவுவதை அங்கே கேட்டுத்தான் யோசனை பிறந்தது. பார்க்கக் கீபோர்டுபோல இருக்கும், ஆனால் வாசிக்கும் முறை வேறு. கட்டைகளுக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி ஓடும்; அதில் கோர்த்த உலோக மோதிரத்தை வலது ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு இடமும் வலமும் நகர்த்தினால் சுருதி வழுக்கிக்கொண்டு போகும், ஜாரு எடுப்பதுபோல. கட்டைகளை வைத்தும் வாசிக்கலாம். ஒவ்வொரு கட்டையும் பக்கவாட்டில் கொஞ்சம் அசையும், அசைத்தால் சுரம் நடுங்கும். இடது கை ஒரு சிறிய இழுப்பறையில் இருக்கும். அதிலுள்ள பொத்தானை எவ்வளவு ஆழம் அழுத்துகிறோமோ அவ்வளவு ஒலி. அழுத்தாவிட்டால் மோதிரத்தை எங்கே நகர்த்தினாலும் சத்தமே வராது. வில்லின் அழுத்தம் இடக்கைக்கும் சுரம் வலக்கைக்கும் பிரிந்துபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அது சின்தசைசர்போல் இல்லாமல் யாரோ பாடுவதுபோல் கேட்கிறது. ஒலி வெளிவரும் பெட்டிகளும் தனி ரகம்: ஒன்றில் கூம்புக்குப் பதில் உலோகத் தாம்பாளம் அதிரும், ‘பால்ம்’ என்ற இன்னொன்றில் முன்பக்கம் தந்திகள் கட்டியிருக்கும், அவை தாமாகவே கூட அதிரும்.

2000இல் வந்த ‘கிட் ஏ’யில் இது எங்கே என்று கேட்டால், ‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’யில் இருந்து தொடங்குங்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு முதல் அரை நிமிடம் கவனியுங்கள். கிட்டார் டி மேஜரில் தொடங்கும். மேலே நரம்பு வாத்தியங்கள் பி ஃப்ளாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டி மேஜருக்குள் இருக்கும் ஏ-வுக்கு அரைச்சுரம் மேலே அது. அந்த உரசல் தீராமலே பாட்டு நகரும். ஜானி முதலில் ஓன்ட் மார்டெனோவை அடுக்கடுக்காகப் பதிவு செய்து இந்த அமைப்பை உருவாக்கினார். பிறகு ஆர்கெஸ்ட்ரா ஆஃப் செயின்ட் ஜான்ஸ் இசைக்குழுவை வைத்து, ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் டார்செஸ்டர் ஆபியில், பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம் அது, பதிவு செய்தார்கள். பலர் செய்யும் தவறு, கடைசியில் வரும் அலறல் முழுவதும் வயலின் என்று நினைப்பது. ஓன்ட் மார்டெனோவும் அதில் கலந்திருக்கிறது. ‘கிட் ஏ’ என்ற தலைப்புப் பாட்டில் யார்க் வெறுமனே பேசினார். ஜானி ஓன்ட் மார்டெனோவில் வாசித்த மெட்டை அந்தப் பேச்சின்மேல் வோகோடர் என்ற கருவி வழியாக ஏற்றினார்கள். பாடுவது யார்க் என்று நாம் நினைக்கும் மெட்டு உண்மையில் ஜானியின் விரலிலிருந்து வந்தது. இந்த வாத்தியம் சுற்றுப்பயணத்துக்குத் தாங்காது என்பதால், மேடைக்கு அதன் மோதிர முறையைப் பின்பற்றி ‘ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’ என்ற பெயரில் செய்யப்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பயன்படுத்தினார்.

மெசியானுக்கு அடுத்த பெரிய பெயர் போலந்து இசையமைப்பாளர் கிரிஸ்டாஃப் பெண்டரெட்ஸ்கி. 52 நரம்பு வாத்தியங்களுக்கு எழுதிய ஹிரோஷிமா இரங்கல் இசையால் அறியப்பட்டவர். தனித்தனிச் சுரங்களாக இல்லாமல், நெருக்கமாக அடுக்கிய சுரக் கூட்டத்தை ஒரே திரளாக நகர்த்துவார். 1997இல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டரி’ல் ‘க்ளைம்பிங் அப் தி வால்ஸ்’ முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். 16 நரம்பு வாத்தியங்கள், ஒன்றுக்கொன்று கால்சுர இடைவெளியில். பியானோவில் இதை வாசிக்கவே முடியாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள சுரங்கள் அவை. ராக் பாட்டுக்கு வயலின் சேர்த்தால் இனிமைக்காகச் சேர்ப்பது வழக்கம். பீட்டில்ஸின் ‘எலினார் ரிக்பி’ முதல் எல்லோரும் போட்டுத் தேய்ந்துபோன நரம்பு இசை தனக்கு வேண்டாம் என்பதே ஜானியின் எண்ணமாக இருந்தது. இந்த உறவு ஒருவழிப் பாதையாகவும் நிற்கவில்லை. பெண்டரெட்ஸ்கியின் ‘பாலிமார்ஃபியா’வுக்கு எதிரொலியாக ஜானி ‘48 ரெஸ்பான்ஸஸ் டு பாலிமார்ஃபியா’ எழுதினார். இருவர் இசையும் சேர்ந்த ஆல்பம் 2012இல் வந்தது. ‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் ப்ளேஸ்’, ‘ஜிக்ஸா ஃபாலிங் இன்டு ப்ளேஸ்’ இரண்டையும் வைத்து அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் ‘ரேடியோ ரீரைட்’ என்று ஒன்று எழுதினார், 2013இல் அரங்கேறியது. யாரிடம் கற்றார்களோ அவர்கள் வரிசைக்கே போய்ச் சேர்வது ராக் உலகில் அபூர்வம்.

உங்கள் இரண்டாவது கேள்வியான ‘இடியோடெக்’ எனக்கு மிகப் பிடித்த கதை. அது சாம்பிள் என்பது முதல் தர உண்மை. ‘கிட் ஏ’யின் உள்தாளிலேயே பால் லான்ஸ்கியின் ‘மில்ட் உண்ட் லைஸெ’, ஆர்தர் க்ரீகரின் ‘ஷார்ட் பீஸ்’ இரண்டும் அச்சிடப்பட்டிருக்கின்றன. இரண்டும் 1976இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் ரெக்கார்டிங்ஸ் — எலெக்ட்ரானிக் மியூசிக் வின்னர்ஸ்’ என்ற எல்.பி. தட்டில் இருப்பவை. ஜானி மாடுலர் சின்தசைசரில் தாளத்தைக் கட்டி, சாம்பிள்களை மேலே போட்டு, சுமார் 50 நிமிடம் மனம்போன போக்கில் வாசித்துப் பதிவு செய்து யார்க்கிடம் கொடுத்தார். அதில் பெரும்பகுதி பயனில்லாதது. நடுவில் 40 வினாடிபோல ஒரு துண்டு யார்க்கைப் பிடித்து நிறுத்தியது. பாட்டு அதிலிருந்து வளர்ந்தது.

லான்ஸ்கியின் படைப்பு 1973இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டது. 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். கருவி ஐபிஎம் 360/91 என்ற பெருங்கணினி; நினைவகம் ஒரு மெகாபைட் அளவு. கணக்கிட்ட ஒலியை அங்கேயே கேட்க முடியாது. காந்த நாடாவில் எழுதி, அந்த நாடாவைப் பொறியியல் கட்டடத்து ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த்தான் கேட்க வேண்டும். ஒரு சுரம் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. ஒலியை உண்டாக்கியது எஃப்.எம். முறை: ஒரு அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் வேகமாக ஆட்டினால் மணி, பித்தளை போன்ற ஒலிகள் பிறக்கும் என்று ஸ்டான்ஃபோர்டின் ஜான் சௌனிங் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டறிந்திருந்தார். பத்தாண்டு கழித்து 1983இல் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டாக உலகமெங்கும் பரவியதும் இதே முறைதான். தலைப்பு, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘டிரிஸ்டன் உண்ட் இஸோல்ட’ ஆபெராவின் முடிவில் இஸோல்ட பாடும் பாட்டின் முதல் சொற்கள். அந்த ஆபெராவின் தொடக்கத்தில் வரும் புகழ்பெற்ற டிரிஸ்டன் கார்டிலிருந்துதான் லான்ஸ்கி தன் சுர அமைப்புகளைப் பெருக்கினார். ஆக 2000ஆம் ஆண்டு ராக் ஆல்பம் ஒன்றில், 1973ஆம் ஆண்டுக் கணினி வழியாக, 1865இல் மேடையேறிய வாக்னரின் கார்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. தகவலாகவே எனக்கு இது சிலிர்ப்பைத் தருகிறது.

நீங்களே சோதிக்கலாம். ‘மில்ட் உண்ட் லைஸெ’யின் முதல் நிமிடத்தை மட்டும் கேளுங்கள், ‘இடியோடெக்’கில் திரும்பத் திரும்ப வரும் நான்கு கார்டுகளும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஈ ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட், டி என்ற ஈ ஃப்ளாட் மேஜர் செவன்த் சுரங்கள் மேலும் கீழுமாக இடம் மாறி அடுக்கப்படுவதைக் கவனியுங்கள். கார்டு முன்னேறுவதில்லை, ஒரே கார்டு தன் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறது. ‘இடியோடெக்’கில் உள்ள பதற்றத்துக்குப் பாதிக் காரணம் இது. ஜானி அனுமதி கேட்டு எழுதினார், லான்ஸ்கி மகிழ்ச்சியோடு கொடுத்தார், பின்னால் இதைப் பற்றி விரிவாக எழுதவும் செய்தார். உருவினார்கள் என்று சொல்ல இடமே இல்லை.

ஏஃபெக்ஸ் ட்வின் விஷயம் பாதி உண்மை. ‘ஓகே கம்ப்யூட்டர்’ பயணம் முடிந்ததும் கிட்டார் ராக் மேல் வெறுப்பு வந்து, ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் போன்றவர்களை வெளியிட்ட வார்ப் ரெக்கார்ட்ஸின் பழைய வெளியீடுகளை மொத்தமாக வாங்கிக் கேட்டதாக யார்க்கே சொல்லியிருக்கிறார். ஆனால் திடீர் மாற்றம் என்பது சரியில்லை. ‘ஓகே கம்ப்யூட்டரி’ன் முதல் பாட்டான ‘ஏர்பேக்’ டிரம்ஸைக் கேளுங்கள். டிஜே ஷேடோவின் வெட்டி ஒட்டும் முறையை முயன்று பார்த்தது அது: செல்வே வாசித்ததில் சில வினாடிகளைச் சாம்பிள் செய்து, மேக் கணினியில் வெட்டி அடுக்கினார்கள். அதே ஆல்பத்துக்கு ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1970ஆம் ஆண்டு ‘பிட்சஸ் ப்ரூ’வின் அடர்த்தியைத்தான் இலக்காக வைத்ததாக யார்க் சொன்னார். மறுபக்கம், ‘கிட் ஏ’யில் கிட்டாரே இல்லை என்பதும் தவறு. ‘ஆப்டிமிஸ்டிக்’ கிட்டார் பாட்டு. ‘ட்ரீஃபிங்கர்ஸ்’ சின்தசைசர்போலக் கேட்டாலும், ஓபிரையனின் கிட்டார் வாசிப்பைச் சாம்பிளரில் போட்டு இழுத்து நீட்டியதுதான். ‘தி நேஷனல் ஆன்தெம்’ பாட்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவரும் யார்க்தான். பதினாறு வயதில் போட்ட வரி அது. அதன் பித்தளை வாத்தியக் களேபரம் ஜாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸின் டவுன் ஹால் கச்சேரிப் பதிவைக் கேட்டு வந்தது. போக்குவரத்து நெரிசல்போல வாசியுங்கள் என்று வாசிப்பவர்களுக்குச் சொன்னார்கள். குதித்துக் குதித்து நடத்தியதில் யார்க் தன் கால் எலும்பை முறித்துக்கொண்டார்.

மிங்கஸின் இன்னொரு கடன் 2001இல் வந்த ‘பிரமிட் சாங்’. அவருடைய ‘ஃப்ரீடம்’ பாட்டிலிருந்து தூண்டுதல் பெற்றதாக யார்க் சொன்னதால் இது இரண்டாம் தர ஆதாரம். இதன் தாளத்தைப் பற்றி இணையத்தில் நடக்காத சண்டையில்லை. எளிய வழி இது: ஒன்று முதல் பதினாறு வரை சீராக எண்ணுங்கள், 1, 4, 7, 11, 14 ஆகிய எண்களில் கைதட்டுங்கள். 3, 3, 4, 3, 3. முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் ஒரே கணக்கு. ஒரு தட்டுக்கு இரண்டு எண்ணிக்கை; நான்கு தட்டுக் கொண்ட (4/4) சுற்று இரண்டு, அவ்வளவே. பிறகு ஏன் எண்ணுபவர்கள் வழுக்கி விழுகிறார்கள்? பாட்டு ஸ்விங் நடையில் இருக்கிறது; இரட்டைப்படை எண்கள் கொஞ்சம் தாமதமாக விழும். அதனால் 1-க்கும் 4-க்கும் நடுவில் நீளமாகவும், 4-க்கும் 7-க்கும் நடுவில் குறுகலாகவும் கேட்கும், இரண்டுமே மூன்று எண்ணிக்கையாக இருந்தும். சீரான எண்ணிக்கையில் பழகியவுடன், நீளம் குறுகல் என்று அசைத்துத் தட்டிப் பாருங்கள். பியானோ மட்டும் உள்ள முதல் பாதியில் சந்தேகமாக இருந்தால், நடுவில் செல்வேயின் டிரம்ஸ் நுழையும் இடத்திலிருந்து எண்ணிக்கையைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள்.

அதே ‘அம்னீசியாக்’ ஆல்பத்தில் ‘யூ அண்ட் ஹூஸ் ஆர்மி?’ இருக்கிறது. 1930களிலும் 40களிலும் பாடிய இங்க் ஸ்பாட்ஸ் குழுவின் மெத்தென்ற குரல் தொனி வேண்டும் என்று, மைக்கை முட்டை அட்டைகளால் மூடிப் பதிவு செய்தார்கள். ஓன்ட் மார்டெனோவின் அந்த ‘பால்ம்’ தந்திப் பெட்டி வழியாகவும் குரலை விட்டார்கள். மெட்டில் இங்க் ஸ்பாட்ஸ் இல்லை. அறையின் காற்றில் இருக்கிறார்கள். செய்முறையை எடுத்தார்கள் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடையாது. 2016இல் ‘பர்ன் தி விட்ச்’சில் லண்டன் கன்டெம்பொரரி ஆர்கெஸ்ட்ராவிடம் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டார் பிளெக்ட்ரத்தால் தந்தியைத் தட்டச் சொன்னதும் இதே குணம்தான்.

இந்திய இசையின் தாக்கம் உண்டா என்று சிலர் கேட்பார்கள். ரேடியோஹெட் ஆல்பங்களில் அப்படிச் சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் ஜானி தனியாகச் செய்த ‘ஜுனூன்’ இருக்கிறது. இஸ்ரேலிய இசையமைப்பாளர் ஷாய் பென் சூர், ராஜஸ்தான் எக்ஸ்பிரஸ் என்ற இசைக் கூட்டம், தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச் ஆகியோருடன் ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டைக்குள் பதிவு செய்து, 2015இல் வெளியிட்டது. அங்கே ஜானி கார்டு அடுக்குவதைப் பெரும்பாலும் தவிர்த்து ஆதார சுருதியோடு ஒட்டி நிற்பதைக் கேட்கலாம். ராகம் நகரும்போது அடியில் கார்டு மாற்றினால் ராகம் கெட்டுவிடும் என்று தெரிந்தவர் செய்கிற வேலை அது.

நம்பத் தகாத துணுக்குகளில் முதலிடம் ‘01 10’ கோட்பாட்டுக்கு. 1997ஆம் ஆண்டு ‘ஓகே கம்ப்யூட்டரை’யும், 2007 அக்டோபர் 10 அன்று வெளிவந்த ‘இன் ரெயின்போஸை’யும் ஒரு பாட்டு அங்கே ஒரு பாட்டு இங்கே என்று மாற்றி மாற்றி வைத்தால் ஒரே ஆல்பம்போல் ஓடும், ஒன்றும் பூஜ்யமும் இருமக் குறியீடு என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே குழு, ஒரே தயாரிப்பாளர், நெருங்கிய சுருதிகள் என்றால் எந்த இரண்டு ஆல்பத்தையும் கோர்க்கலாம். குழுவில் யாரும் இதை ஆமோதித்ததில்லை. இதற்கு நேர்மாறாக, நம்ப முடியாததுபோல் இருந்தும் உண்மையானது ‘இன் ரெயின்போஸி’ல் உள்ள ‘வீடியோடேப்’ பாட்டின் மறைந்த தாளம். பியானோ கார்டுகள் தாளத்தின் தட்டில் விழுவதாக நமக்குக் கேட்கிறது; உண்மையில் அவை அரைத் தட்டு விலகி விழுகின்றன. ஆல்பப் பதிவை மட்டும் கேட்டால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். மேடைப் பதிவுகளில், பியானோ வாசிக்கும்போது யார்க்கின் உடல் எந்த இடத்தில் அசைகிறது என்று பாருங்கள். கார்டில் அசையாது, இரண்டு கார்டுகளுக்கு நடுவே அசையும்.

கடைசியாக, வீட்டிலேயே சரிபார்க்கக்கூடிய ஒன்று. ‘லைக் ஸ்பின்னிங் ப்ளேட்ஸ்’ பாட்டின் பின்னணி, ‘ஐ வில்’ என்ற பாட்டின் கைவிட்ட எலெக்ட்ரானிக் வடிவத்தைத் தலைகீழாக ஓட்டியது என்று யார்க் சொல்லியிருக்கிறார். ‘ஐ வில்’ வேறு வடிவத்தில் 2003இல் ‘ஹெயில் டு தி தீஃப்’ ஆல்பத்தில் வந்தது. ஒலித் திருத்த மென்பொருள் எதிலாவது ‘லைக் ஸ்பின்னிங் ப்ளேட்ஸை’த் திறந்து, ஆடாசிட்டி போதும், முழுவதையும் தேர்ந்தெடுத்து ரிவர்ஸ் கொடுங்கள். பிறகு 2003ஆம் ஆண்டு ‘ஐ வில்’லைக் கேளுங்கள். வேகமும் வாத்தியமும் வேறு என்பதால் உடனே ஒத்துப்போகாது. கார்டு மாறும் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒன்றென்று தெரியும். குரல்தான் பலரையும் ஏமாற்றும். திருப்பிய பதிவில் குரல் இன்னும் புரியாத ஒலியாக இருக்கும், சோதனை தோற்றுவிட்டது என்று விட்டுவிடுவார்கள். தோற்கவில்லை. தலைகீழாகக் கேட்ட மெட்டை யார்க் மனப்பாடம் செய்து, சொற்களையும் தலைகீழாகவே பாடிப் பதிவு செய்து, அந்தப் பதிவைத் திருப்பிப் போட்டார்கள். அதனால்தான் ஆல்பத்தில் சொற்கள் நேராக வந்தும் உச்சரிப்பு கோணலாக இருக்கிறது. நீங்கள் திருப்பும்போது கேட்கும் புரியாத ஒலிதான், அன்று மைக் முன்னால் அவர் வாயிலிருந்து நிஜமாக வந்தது.